ஹசியெண்டா: ஒரு நடன கிளப்பின் கதை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மான்செஸ்டரில் படித்த காலத்தில், ஊரிலிருந்து யார் வந்தாலும் விட்வொர்த் தெரு மேற்குக்குக் கூட்டிப் போய் ஹசியெண்டா கிளப் இருந்த இடத்தில் இப்போது நிற்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் காட்டுவேன். "இதுல என்ன இருக்கு?" என்பதில் பேச்சு தொடங்கும், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு நிற்காது. அப்படித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஹசியெண்டான்னா என்ன? ஹோட்டலா, பாரா?

இரவு கிளப். மான்செஸ்டர் நகரின் நடுப்பகுதியில், ராச்டேல் கால்வாயை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தில் 1982 மே 21 அன்று திறந்தார்கள். 1997 ஜூன் 28 இரவோடு மூடப்பட்டது. கிளப் வருவதற்கு முன்பு அந்தக் கட்டடத்தில் உல்லாசப் படகுகளை விற்கும் ஷோரூம் இருந்தது.

15 வருடம்தான் நடந்தது. ஆனால் அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய ஹவுஸ் என்ற நடன இசை பிரிட்டனில் வேர்பிடித்த முக்கியமான இடங்களில் இதுவும் ஒன்று. இன்று உலகம் முழுக்க டிஜே என்பவர் மேடை நடுவில் நிற்கிறார், ஆயிரக்கணக்கானவர்கள் அவரைப் பார்த்து ஆடுகிறார்கள். அந்தப் பழக்கம் வளர்ந்த இடங்களைத் தேடிப் போனால் இந்தத் தெருவுக்கும் வந்துதான் ஆக வேண்டும்.

இங்கிலாந்துல இருக்கிற கிளப்புக்கு எதுக்கு ஸ்பானிஷ் பேர்?

ஹசியெண்டா என்றால் ஸ்பானிஷில் பண்ணை வீடு, பெரிய தோட்டத்து வீடு. ஆனால் பெயர் ஸ்பெயினிலிருந்து வரவில்லை, பாரிஸிலிருந்து வந்தது. இவான் ஷெக்லோவ் என்ற இளைஞர் 1953-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நகரங்கள் சலிப்பூட்டுகின்றன, புது மாதிரி இடங்கள் வேண்டும் என்று வாதாடிவிட்டு, ஹசியெண்டாவைக் கட்டியே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்தவர்கள் நிஜமாகவே கட்டிவிட்டார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

எழுத்திலும் ஒரு விளையாட்டு உண்டு. பெயரின் நடுவில் வரும் ஆங்கில 'c' எழுத்துக்குக் கீழே ஒரு வால் போட்டார்கள். அந்த எழுத்தையும் அடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் 51 என்ற எண் போலத் தெரியும். கிளப்பை நடத்திய ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற மான்செஸ்டர் இசைத்தட்டு நிறுவனம் தான் செய்கிற எல்லாவற்றுக்கும் வரிசை எண் கொடுக்கும். முதல் எண் ஒரு போஸ்டருக்கு. கிளப்புக்கு 51. கிளப்பில் வளர்ந்த பூனைக்குக்கூட ஓர் எண் இருந்தது.

யார் காசுல கட்டினாங்க? பணக்கார முதலாளி யாராவதா?

இல்லை. பாட்டு விற்ற காசு. ஜாய் டிவிஷன் என்று ஒரு இசைக்குழு ஃபேக்டரியில் இருந்தது. அதன் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். மீதிப் பேர் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். கிளப் இந்தக் குழுவுக்கும் ஃபேக்டரிக்கும் சேர்ந்த சொத்து.

கிளப் வேண்டும் என்று விடாமல் நின்றவர் குழுவின் மேனேஜர் ராப் கிரெட்டன். ஃபேக்டரியின் முகமாக இருந்தவர் டோனி வில்சன், கிரனாடா தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். நியூ ஆர்டர் நியூயார்க்குக்குப் போனபோது அங்கிருந்த நடன கிளப்புகளைப் பார்த்து அசந்துபோனார்கள். நம்ம ஊரில் இப்படி ஒன்று ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் இதில் சம்மதம் இல்லை. ஜாய் டிவிஷனின் ஒலியைச் செதுக்கிய தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், இந்தப் பணத்தில் ஸ்டூடியோவுக்குக் கருவிகள் வாங்கியிருக்க வேண்டும் என்றார். கடைசியில் கம்பெனி மீது வழக்கே போட்டார். அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. அந்த வழக்குக்கும் ஃபேக்டரி ஒரு வரிசை எண் கொடுத்தது: 61. ஹானெட்டின் கோபம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்ட கருவிகள் வந்திருந்தால் சில அருமையான ரெக்கார்டுகள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். கிளப் கிடைத்திருக்காது.

உள்ளே எப்படி இருக்கும்? இருட்டா, வெல்வெட் சோபா போட்டு?

அதுதான் இல்லை. அக்காலத்து பிரிட்டிஷ் கிளப் என்றால் இருட்டு, கம்பளம், கண்ணாடி உருண்டை. வடிவமைப்பாளர் பென் கெல்லி அதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு தொழிற்சாலைக்குள் நுழைவது மாதிரி செய்தார். உயரமான கூடம், மேலே கண்ணாடிக் கூரை, வெளியே தெரியும் இரும்புத் தூண்கள். ஆடும் இடத்தின் நடுவிலேயே தூண்கள் நின்றதால் யாரும் மோதிக்கொள்ளாமல் இருக்க, கறுப்பு மஞ்சள் பட்டை அடித்தார். நம்ம ஊரில் சாலை வேலை நடக்கும் இடத்தில் பார்ப்போமே, அந்த எச்சரிக்கைப் பட்டை. நடனத் தளத்தின் விளிம்பில் சாலையோரத் தடுப்புக் குட்டைத் தூண்களையும், இரவில் மின்னும் சாலைப் பிரதிபலிப்பான்களையும் பதித்தார். அந்தக் கறுப்பு மஞ்சள் பட்டைதான் இன்று வரை கிளப்பின் அடையாளம்.

அழகு சரி, சத்தம்தான் தகராறு. கண்ணாடியும் செங்கல்லும் இரும்பும் ஒலியை எதிரொலித்துக் குழப்பின. குளிர்காலத்தில் கூட்டம் குறைவாக இருந்தால் உள்ளேயே நடுங்கும். டிஜேயின் இடத்தை முதலில் மேடைக்குப் பக்கத்தில் தாழ்வாக வைத்திருந்தார்கள். ஆடுகிறவர்களை அவரால் ஒழுங்காகப் பார்க்கவே முடியாது. பிறகு மேல்மாடத்துக்கு மாற்றினார்கள். சின்ன மாற்றம் போலத் தெரியும். கூட்டத்தைப் பார்த்து அடுத்த ரெக்கார்டை எடுக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

திறந்த நாள்லயே கூட்டம் அள்ளியிருக்குமே?

முதல் நாள் கூட்டம் வந்தது. நியூயார்க்கிலிருந்து ஈஎஸ்ஜி என்ற குழு வந்து வாசித்தது, ஹூவன் கிளார்க் ரெக்கார்டு போட்டார். தொடக்க விழாவுக்கு பெர்னார்ட் மேனிங் என்ற நகைச்சுவைக்காரரை அழைத்திருந்தார்கள். அவர் பேசியது அந்த ஒலியில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் தன் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது மான்செஸ்டரில் எல்லோரும் சொல்லும் கதை.

அதன் பிறகு பல வருடம் வார நாட்களில் கூடம் காலியாகக் கிடந்தது. தி ஸ்மித்ஸ் மாதிரியான குழுக்கள் வந்து பாடும் இரவுகளில் நிரம்பும், மற்ற இரவுகளில் காற்று வாங்கும். 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக, அப்போது பிரிட்டனில் அவ்வளவாகத் தெரியாத மடோனா இங்கே வந்து பாடிவிட்டுப் போனார். 1985-இல் ஐன்ஸ்டுர்சென்டே நொய்பாவ்டன் என்ற ஜெர்மன் குழு துளைக்கருவியோடு வந்து சுவரையே குடைந்தது.

ஹசியெண்டா என்றதும் எல்லோரும் 1988, 89 பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு இந்தக் காலி வருடங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. கணக்குப் பார்க்கிற எவரும் இரண்டாவது வருடமே பூட்டியிருப்பார்கள். இவர்கள் விளக்கை அணைக்கவில்லை. அதனால்தான் புது இசை வந்து கதவைத் தட்டியபோது, திறக்க ஒரு கதவு இருந்தது.

ஹவுஸ் மியூசிக் இங்கதான் பிறந்ததா?

இல்லவே இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெருமை அடிக்கடி இடம் மாறிப் போகிறது. ஹவுஸ் பிறந்தது சிகாகோவில். அங்கே வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் 1977 முதல் ஃபிராங்கி நக்கிள்ஸ் ரெக்கார்டு போட்டார். அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள். வெளியே மரியாதை கிடைக்காதவர்களுக்கு அது சொந்த வீடு. அந்தக் கிளப்பின் பெயரின் பின்பாதிதான் இசைக்குப் பெயரானது. 1979-இல் அதே சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ செத்தது என்று கொண்டாடினார்கள். ஆனால் நக்கிள்ஸ் போன்றவர்கள் அதன் துடிப்பை எடுத்து, டிரம் மெஷின் சேர்த்து, வேறொன்றாக வளர்த்தார்கள்.

ஹசியெண்டா செய்தது, அந்த ரெக்கார்டுகள் வந்ததும் தயங்காமல் போட்டது. 1987-இல் சிகாகோ கலைஞர்களே சுற்றுப்பயணமாக இங்கே வந்தார்கள். லண்டன் கிளப்புகள் பலவும் அப்போது வேறு இசையில் மூழ்கியிருந்தன.

டிஜே அப்படி என்னதான் செய்றார்? பாட்டு மாத்துறதுதானே?

மைக் பிக்கரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நியூட் என்ற வெள்ளிக்கிழமை இரவை நடத்தியவர். பெயரைப் பார்த்துத் தவறாக நினைக்க வேண்டாம், ஆடை களைகிற சமாச்சாரம் எதுவும் கிடையாது. அவர் ஃபங்க், எலக்ட்ரோ, லத்தீன் தாளம் எல்லாம் கலந்து போட்டுக்கொண்டிருந்தபோதே ஹவுஸ் ரெக்கார்டுகளை நுழைத்தார். ஒரு ரெக்கார்டின் தாளத்தையும் அடுத்ததன் தாளத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒன்று முடிவது தெரியாமல் மற்றது தொடங்க வேண்டும். பல மணி நேரம் நடக்கும் நாதஸ்வரக் கச்சேரியில் அடுத்து எதை வாசிப்பது என்று வித்வான் கூட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பார் இல்லையா, அந்த மாதிரி ஒரு கணிப்பு வேண்டும். 1988-இல் கிரேம் பார்க் அவரோடு சேர்ந்தார். வியாழக்கிழமைகளை டேவ் ஹாஸ்லம் பார்த்துக்கொண்டார், மாணவர்கள் நிறைய வருவார்கள்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். லண்டனில் பிரெஞ்சுத் தூதரகத்தில் பணியாளராக இருந்த ஓர் இளைஞர் மான்செஸ்டருக்கு வந்து, டிஜே பெட்ரோ என்ற பெயரில் இங்கே ரெக்கார்டு போட்டார். பிறகு பிரான்ஸின் பெரிய டெக்னோ கலைஞரான லோரன் கார்னியே அவர்தான்.

ஆசிட் ஹவுஸ்னு சொல்றாங்களே, அது இந்தியாவுல பிறந்ததாமே?

ஆசிட் என்று பெயர் வாங்கியது ஒரு ஒலி. ரோலண்ட் நிறுவனம் டிபி-303 என்று ஒரு சின்னக் கருவி செய்தது, பாஸ் கிட்டார்க்காரர் இல்லாத இடத்தில் துணைக்கு வாசிக்க. அந்த வேலைக்கு அது தேறவில்லை, தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்ததை வாங்கிய சிகாகோ இளைஞர்கள் சிலர், ஃபியூச்சர் என்ற குழுவினர், அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகினார்கள். நெளிந்து வளைந்து குமிழியிடுகிற ஒரு ஒலி வந்தது. 1987-இல் அந்த ரெக்கார்டு வெளியானது.

இந்தியா பற்றிச் சொல்வது பாதி உண்மை. மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல், அதாவது ஹசியெண்டா திறந்த அதே வருடம், பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதே டிபி-303, அதே ரோலண்டின் டிரம் மெஷின். கேட்டால் அசல் ஆசிட் ஹவுஸ் மாதிரியே இருக்கும், ராகத்தில் வழுக்கி ஏறும் பிடிகளுக்கு அந்தக் கருவி அப்படிப் பொருந்தியிருக்கிறது. ஆனால் அது அன்று விற்கவில்லை, 2010-இல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் கவனித்தது. சிகாகோக்காரர்கள் அதைக் கேட்டுச் செய்தார்கள் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஒரே கருவி இரண்டு ஊர்களில் இரண்டு பேர் கையில் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. சரண்ஜித் சிங்குக்கு அந்தப் பெருமையே போதும்.

போதை மாத்திரை இல்லன்னா இந்த மாதிரி நடந்திருக்குமா?

மழுப்பாமல் சொல்கிறேன்: 1988 கோடையில் பொங்கியதில் எக்ஸ்டசி மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஜூலையில் 'ஹாட்' என்ற புதன்கிழமை இரவு தொடங்கியது, கூடத்துக்குள் சின்ன நீச்சல்குளமே வைத்தார்கள். முன்பு வார நாட்களில் காலியாகக் கிடந்தது என்று சொன்னேனே, அந்தக் கூடத்துக்கு இப்போது வெளியே நீண்ட வரிசை. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், கால்பந்து ரசிகர் சண்டைகள்கூட மறந்துபோயின என்று அப்போது ஆடியவர்கள் சொல்வார்கள்.

ஆனால் அந்த மாத்திரை பிரிட்டனில் 1977 முதலே மிகக் கடுமையான தடைப் பட்டியலில் இருந்தது. அது விளையாட்டும் இல்லை. 1989 ஜூலையில் கிளப்பில் மாத்திரை சாப்பிட்ட 16 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். பிரிட்டனில் எக்ஸ்டசியோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் மரணங்களில் ஒன்று அது. இந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பேசும் யாரும் இந்தப் பெண்ணைத் தாண்டிப் போகக் கூடாது. மாத்திரை விற்பனையோடு பின்னால் என்ன வந்தது என்பதை இன்னும் இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறேன்.

இவ்ளோ கூட்டம் வந்தும் நஷ்டம்னா நம்பவே முடியலையே?

கிளப்புக்கு லாபம் வருவது மது விற்பனையில். மாத்திரை போட்டவர்கள் மது குடிப்பதில்லை, தண்ணீர்தான் குடிப்பார்கள். கூடம் நிரம்பி வழிந்தாலும் கல்லாவில் பணம் சேரவில்லை. சம்பாதித்தது மாத்திரை விற்றவர்கள். இதோடு கட்டும்போதே செலவு எகிறியது, நிர்வாகமும் தளர்ச்சி.

ஓட்டையை அடைத்தது நியூ ஆர்டரின் ரெக்கார்டு வருமானம். 1983-இல் அவர்கள் வெளியிட்ட 'புளூ மண்டே' 12 அங்குல ரெக்கார்டுகளில் உலகிலேயே அதிகம் விற்றது என்பார்கள். அந்தப் பணம் எல்லாம் இந்தக் கூடத்தின் மின்கட்டணத்துக்குப் போனது. வருகிறவர்களுக்கு ஆளுக்குப் பத்து பவுண்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் செலவு குறைந்திருக்கும் என்று குழுவின் பாஸ் கிட்டார்க்காரர் பீட்டர் ஹுக் பின்னாளில் சொன்னார். கிளப்பை எப்படி நடத்தக் கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார்.

ஏன் மான்செஸ்டர்? லண்டன்ல ஏன் நடக்கல?

லண்டனிலும் நடந்தது, ஷூம் போன்ற கிளப்புகள் அதே காலத்தவை. ஆனால் மான்செஸ்டருக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த அசல் மான்செஸ்டரின் பஞ்சாலைகள் 20-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. 1980-களின் தொடக்கத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தது. நகர நடுவிலேயே பெரிய பெரிய கிடங்குகள் ஆளில்லாமல் கிடந்தன. இடம் மலிவு, இளைஞர்களிடம் நேரம் நிறைய, பல்கலைக்கழகங்களில் மாணவர் கூட்டம்.

பென் கெல்லி ஏன் தொழிற்சாலை மாதிரி வடிவமைத்தார் என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள். அப்பா வேலை பார்த்த மாதிரியான ஒரு கூடத்தில் பிள்ளைகள் ஆடினார்கள். கோவையில் பூட்டிக்கிடக்கும் மில் வளாகங்களைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

போலீஸ் மூடினாங்களா, அவங்களா மூடினாங்களா?

இரண்டும், வேறு வேறு சமயத்தில். 1990-இல் உரிமத்தை ரத்து செய்ய போலீஸ் நடவடிக்கை எடுத்தது. கிளப் ஜார்ஜ் கார்மன் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞரை வைத்து வாதாடி, 1991 ஜனவரித் தொடக்கத்தில் தப்பித்தது. அதே மாதக் கடைசியில் டோனி வில்சன் தானாகவே கதவைச் சாத்தினார். மாத்திரை விற்பனையைக் கைப்பற்றச் சண்டையிட்ட ரவுடிக் கும்பல்கள் வாசல் காவலர்களையே துப்பாக்கி காட்டி மிரட்டத் தொடங்கியிருந்தன. மே மாதம் மறுபடி திறந்தார்கள்.

அதற்குப் பிறகும் நல்ல இரவுகள் இருந்தன. தன்பாலின ஈர்ப்புள்ளவர்களுக்காக 1991-இல் தொடங்கிய 'ஃபிளெஷ்' இரவுக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சிகாகோவில் இந்த இசையைத் தொடங்கியவர்கள் யார் என்று மேலே சொன்னேன், அதை நினைத்தால் இந்த இரவுக்கு ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. ஆனால் வாசலில் வன்முறை ஓயவில்லை. 1997-இல் பார்வையிட வந்த நீதிபதிகளும் போலீசாரும் தெருவில் ஓர் இளைஞர் உயிர்போகும் அளவுக்குத் தாக்கப்படுவதை நேரிலேயே பார்த்தார்கள். உரிமம் போனது, கடனும் கழுத்தை நெரித்தது. ஜூனோடு முடிந்தது.

ஃபேக்டரி கம்பெனி திவாலானப்பவே கிளப்பும் போயிருக்கணுமே?

ஃபேக்டரி 1992 நவம்பரில் விழுந்தது, கிளப் அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஓடியது. கம்பெனி சார்லஸ் தெருவில் வாங்கிய அலுவலகக் கட்டடம், நேரத்துக்கு வராத ஆல்பங்கள் என்று காரணங்கள் பல. லண்டனிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வாங்க வந்தது. பார்த்தால், பாட்டுகளின் உரிமை ஃபேக்டரியிடம் இல்லை. கலைஞர்களுக்கே எல்லாம் சொந்தம் என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொடுத்திருந்தார்கள். விற்க ஒன்றுமே இல்லை. வியாபாரத்தில் இது பெரிய தப்புதான். பாட்டுக்காரர்கள் உரிமையை இழந்து நிற்கும் கதைகளையே கேட்டுப் பழகிய எனக்கு அந்தத் தாளின் மேல் மரியாதை இருக்கிறது.

இப்ப மான்செஸ்டர் போனா என்ன பார்க்கலாம்?

கிளப்பைப் பார்க்க முடியாது. 2000-இல் உள்ளே இருந்த பொருட்களை ஏலம் விட்டார்கள். ஆடிய தளத்தின் பலகைகளையும் செங்கற்களையும் ரசிகர்கள் வாங்கிப் போனார்கள். அந்தப் பலகையில் பீட்டர் ஹுக் பாஸ் கிட்டார்களே செய்துகொண்டார். 2002-இல் கட்டடத்தை இடித்து, அதே பெயரில் அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். விருந்து முடிந்தது, இனி வீட்டுக்கு வரலாம் என்று அதற்கு விளம்பரம் வேறு செய்தார்கள். அதைக் கேட்டு உள்ளூர்க்காரர்கள் பலர் புண்பட்டார்கள், எனக்கும் அது கசக்கத்தான் செய்கிறது.

முன்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பின்னால் கால்வாய்ப் பக்கம் இறங்கினால், கிளப்பின் முக்கிய நாட்களை உலோகத்தில் பொறித்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். நான் கூட்டிப் போனவர்களில் பலர் தெருப்பக்கம் நின்றபோது கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கால்வாய் ஓரம் வந்ததும் ஒவ்வொரு வருடமாகப் படித்துக்கொண்டே நடப்பார்கள். தெருப்பெயரைக் கொண்டு வழி கேட்பதைவிட, ஆக்ஸ்ஃபோர்ட் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால் சுலபம்.

இந்த இசையை நான் எதுல இருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ஃபியூச்சரின் 1987 ரெக்கார்டில் தொடங்கி, ஆசிட் ஒலி எது என்று காதில் பதியவையுங்கள். அடுத்து 'வூடூ ரே', 1988. அதைச் செய்த ஜெரால்ட் மான்செஸ்டர்க்காரர், சிகாகோ இசை இந்த ஊர் மழையில் நனைந்தால் எப்படி மாறும் என்பது அதில் தெரியும். அப்புறம் சரண்ஜித் சிங்கின் ராகங்கள். மூன்றையும் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பாஸ் ஒலி நெஞ்சில் இடிக்கிற மாதிரி நல்ல ஹெட்ஃபோனோ பெரிய ஸ்பீக்கரோ வேண்டும், முடிந்தால் எழுந்து நின்று கேளுங்கள்.